மா ஆலையில் தூள் இறங்காமலும் கட்டிபட்டும் போனால்

வன்னியில் அரிசிமா, குரக்கன்மா, மிளகாய்த்தூள், சத்துமா அரைத்துப் பொதியிடும் சிறு ஆலைகளில் இயந்திரத்தின் மேல் சுமத்தப்படும் பழி பல வேளைகளில் மாவின் ஈரத்துக்கும் மா கொட்டும் புனலின் வடிவத்துக்கும் உரியது. ஆகவே மோட்டரைக் கழற்றுவதற்கு முன் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் திறந்து கிடக்கும் மா காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரப்பதன் ஏறத்தாழ 13 வீதத்தைத் தாண்டினால் கட்டிபடுவதும் பூஞ்சணம் பிடிப்பதும் விரைவாகும். வறுத்த மாவைச் சூட்டோடு பொலித்தீன் பையில் அடைத்தால், அதிலிருந்து எழும் ஆவி பையின் உட்புறத்தில் நீராகிக் கோடையிலும் அதே கேட்டைச் செய்யும். குவியலின் மேற்புறம் ஆறியதை நம்பாது, நடுவில் கைவிட்டுச் சூடில்லை என்று உறுதிசெய்த பின்பே பொதியிடுக.

புனலில் மா நிறைந்திருந்தும் கீழே விழாதபோது, சுவிச்சை நிறுத்தி, வேறொருவர் போட்டுவிடாதபடி பூட்டிவிட்டு, மேலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். மேற்பரப்பு குலையாமல் இருந்தால் புனலின் அடிவாய்க்கு மேலே மா வளைவு கட்டி நிற்கிறது என்று பொருள். அதற்கு வாயை அகலமாக்க வேண்டும். நடுவில் கிணறுபோல் குழி விழுந்து ஓரத்து மா அசையாமல் நின்றால் சுவரின் சரிவு போதாது. மாவுக்குச் சுவர் கிடையிலிருந்து 60 பாகைக்குக் குறையாமல் சரிந்திருப்பது நன்று; சதுரப் புனலில் நான்கு மூலைகளின் சரிவு சுவரின் சரிவைவிடக் குறைவு என்பதால், அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சுத்தியலால் தட்டுவது எங்கும் காணும் வழக்கம், ஆனால் கெட்ட வழக்கம்: தகரத்தில் விழும் ஒவ்வொரு நெளிவும் உள்ளே ஒரு படியாகி அடுத்த அடைப்பைத் தாங்கிப் பிடிக்கும். மாரியில் இரவு முழுவதும் புனலில் மாவை விட்டுச் செல்லவும் வேண்டாம்.

வீதியோரம் உலரவிட்ட நெல்லோடு ஆணியும் கம்பித்துண்டும் வந்து சேர்வது நம் ஊரில் புதிதன்று. அரைக்கும் அறைக்குள் அவை எழுப்பும் தீப்பொறி மாத்தூசியைப் பற்றவைக்கக்கூடும் என்பதால், தானியம் உள்ளே செல்லும் வழியில் காந்தம் பொருத்துக. மா வெடிக்குமா என்று சிரிப்பவர்கள் உண்டு; இத்தாலியின் தூரின் நகரில் 1785 இல் ஒரு மாக் களஞ்சியத்தில் எழுந்த தூசி விளக்குச் சுடரில் பட்டு வெடித்தது பதிவான செய்தி. கூரை வளையிலும் விளக்கின் மேலும் படியும் தூசியை அமுக்கக் காற்றால் ஊதினால் அது பறந்து வெடிக்கும் நிலைக்கே வரும். மெல்லத் துடைத்தோ உறிஞ்சியோ எடுக்க வேண்டும். துணியாலோ ரப்பராலோ இணைத்த இரும்புக் குழாய்களில் மின்னேற்றம் தேங்காதபடி, ஒவ்வொரு துண்டையும் செப்புக் கம்பியால் தொடுத்து எர்த் செய்க. ஆலையை நிறுத்தித் தூசி அகற்றும் வரை வெல்டிங் கூடாது.

சத்துமாவில் பருமனும் பொடியும் பிரிவது, உயரத்திலிருந்து கொட்டுவதால் நேர்வது. குழாயின் முனையைப் பைக்குள் தாழ்த்தி நிரப்பினால் பெரிதும் குறையும்.