பழைய பொம்மை நீராவி எஞ்சின்: அடையாளம் காணலும் பேணலும்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் செய்யப்பட்ட பொம்மை நீராவி எஞ்சின் ஒன்று கைக்கு வந்தால், அதைத் துலக்குவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துவிடுங்கள். ஏனெனில் அடித்தட்டிலோ கொதிகலனின் முகப்பிலோ இருக்கும் சிறு முத்திரைதான் செய்தவரையும் காலத்தையும் காட்டும் முதற்சான்று. அந்நகரின் பொம்மைத் தயாரிப்பாளரான பிங் நிறுவனத்தின் தொடக்ககாலப் பொருள்களில் ஜி.பி.என். (கெப்ரூடர் பிங் நியூரம்பெர்க்) என்ற எழுத்துகளையும், 1920களின் பிற்பகுதியைச் சேர்ந்தவற்றில் பி.டபிள்யூ. (பிங் வெர்கே) என்பதையும் காணலாம். முத்திரை தேய்ந்திருந்தால், ஃபிளைவீல் எனும் சுழல்சக்கரத்தின் ஆரங்களையும் சிலிண்டரின் அமைப்பையும் அக்கால விற்பனைப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிடுங்கள். நீரைச் சூடாக்கும் பர்னரும் புகைபோக்கியும் எளிதில் மாற்றப்படுபவை என்பதால் அவற்றை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம்.

மூல வண்ணப்பூச்சு எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் மறுபூச்சு பூசாதீர்கள், அது ஆய்வுக்கான சான்றையே அழித்துவிடும். பித்தளையில் படிந்த கருமையைப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்தாலே போதும். பர்னரைச் சுற்றி வெண்சாம்பல் நிற நார்த்தகடு தெரிந்தால் அது நுரையீரலுக்குக் கேடான கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். சுரண்டாமல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

எஞ்சினை ஓட்டிப்பார்க்கும் ஆசை இயல்பானதே. ஆனால் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகம்) வைத்து இணைத்த பழைய கொதிகலனை, குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் பாதுகாப்பு வால்வுச் சோதனையும் முடியும்வரை சூடாக்கவே கூடாது. ஓட்டும்போது காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். நீர் வற்றும் முன் நெருப்பை அணைக்காவிட்டால் பற்றாசு உருகிவிடும். ஆறியதும் மிஞ்சிய நீரை வடித்து, கொதிகலனின் மூடியைத் திறந்தே வைத்து உலர்த்துங்கள்.