பக்கம் பிரிக்க ஒரு குட்டி லைப்ரரி: பைத்தானில் நாமே எழுதலாம்

கொழும்புப் புறக்கோட்டையில் மாமாவின் ஹார்ட்வெயார் கடைக்கு விலைப்பட்டியல் ஒன்றை இணையத்தில் போட்டுக் கொடுத்தேன். 437 சாமான்கள், எல்லாம் ஒரே பக்கத்தில். ஒரு பூட்டின் விலையைப் பார்க்க, ஆணியிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரை அத்தனையும் ஃபோனில் இறங்க வேண்டியிருந்தது. பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் வேலைக்குத்தான் பேஜினேஷன் என்று பெயர்.

முதலில் கணக்கு. பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரையே ஏற்கும், அதனால் இதை அப்படியே ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம்:

மொத்தம் = 437
அளவு = 20
பக்கம் = 3
மொத்தப்பக்கம் = (மொத்தம் + அளவு - 1) // அளவு
தாண்டு = (பக்கம் - 1) * அளவு

அளவு என்பது ஒரு பக்கத்தில் காட்டும் சாமான்களின் எண்ணிக்கை, தாண்டு என்பது அந்தப் பக்கத்துக்கு முன்னால் விட்டுவிட வேண்டியவை. மொத்தப்பக்கம் 22, தாண்டு 40 என்று வரும். இரட்டைச் சாய்கோடு மிச்சத்தை விட்டுவிடும். 437ஐ வெறுமனே அப்படி வகுத்தால் 21தான் கிடைக்கும், கடைசி 17 சாமான்கள் எந்தப் பக்கத்திலும் தெரியாது. அதற்காகத்தான் முன்னாலேயே 19ஐக் கூட்டிக்கொள்கிறோம்.

அடுத்து, இதை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுத் தனிக் கோப்பில் வையுங்கள். லைப்ரரி என்பது அவ்வளவுதான். ஆனால் தாண்டு வரிக்கு முன்னால் ஒரு காவல் வேண்டும். பக்க எண் முகவரிப் பட்டையிலிருந்து வருகிறது, யாராவது ஒருவர் 900 என்று அடித்துப் பார்ப்பார். 1ஐ விடக் குறைந்தாலோ எண்ணே இல்லாவிட்டாலோ 1, கடைசிப் பக்கத்தைத் தாண்டினால் கடைசிப் பக்கம். பட்டியல் காலி என்றால் மொத்தப்பக்கத்தை 1 என்றே வையுங்கள். பைத்தானில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் இதற்கென்று இருக்கும் 'கெட் பேஜ்', -3 கேட்டாலும் கடைசிப் பக்கத்தையே தரும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இனி டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் மூன்றிலும் தரவைக் கேட்கும் கேள்வியின் (query) முடிவில், எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டுக்கு அளவையும், எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட்டுக்குத் தாண்டுவையும் கொடுத்தால் போதும்.

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு நாளில் மாமாவின் அழைப்பு: "தம்பி, பிணைச்சல் ரெண்டு பக்கத்திலயும் நிக்குது, கொண்டியைக் காணேல்லை." விலைப்படி வரிசைப்படுத்தியிருந்தேன். 250 ரூபாயில் ஏழெட்டுச் சாமான்கள். விலை ஒன்றாக இருந்தால் எது முன்னால் வரும் என்று டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை மாறலாம். வரிசையைச் சொல்லும் 'ஆர்டர் பை'யில் விலைக்குப் பிறகு, ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக இருக்கும் எண்ணான ஐடியையும் சேர்த்தேன், சரியானது. வரிசையே சொல்லாமல் லிமிட் போடுகிறவர்களுக்கு இதைவிட மோசமாக நடக்கும்.

அப்புறம் இணைப்புகள். 22 எண்களையும் வரிசையாகக் காட்டாதீர்கள், ஃபோனில் விரல் வைக்க இடமிருக்காது. முதல், கடைசி, நடப்புப் பக்கத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு போதும். 'பூட்டு' என்று தேடியவர் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது அந்தத் தேடற்சொல்லும் இணைப்பில் கூடப் போக வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

பட்டியல் லட்சக்கணக்கில் வளர்ந்தால் ஆஃப்செட் மெதுவாகும், ஏனென்றால் தாண்ட வேண்டிய வரிகளையும் டேட்டாபேஸ் ஒவ்வொன்றாகக் கடந்தே ஆக வேண்டும். அப்போது கடைசியாகக் காட்டிய சாமானின் விலையையும் ஐடியையும் நினைவில் வைத்து, அதற்குப் பிந்தியவற்றை மட்டும் கேட்கும் கீசெட் முறைக்கு மாறலாம். மாமாவின் கடைக்கு அது தேவைப்படாது.