வீட்டுமனைப் பட்டாவுக்குத் தெருவாகத் திரள்வது எப்படி

தனித்தனியாகக் கொடுக்கும் மனு தாலுகா அலுவலகத்தில் எளிதாகக் கிடப்பில் போய்விடும். தெருவே சேர்ந்து கேட்க வேண்டும்.

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அரசின் நிலப் பதிவு இணையதளத்தில், நிலம் எந்த வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்றிருந்தால் வழி சுலபம். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அதே இடத்துக்குப் பட்டா கேட்காதீர்கள், தள்ளுபடியாகும். மாற்று இடம் கேளுங்கள். பழைய ஆவணத்தில் ‘டி.சி. நிலம்’ என்றிருந்தால் அது பஞ்சமி நிலமாக, அதாவது ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென அரசு ஒதுக்கிய நிலமாக இருக்கலாம். அதை மீட்பது தனிப் போராட்டம், வழக்கறிஞர் துணை அவசியம்.

பிறகு வீடு வீடாகப் போய் ஒரே நோட்டில் எழுதுங்கள்: குடும்பத் தலைவியின் பெயர், ரேஷன் அட்டை எண், குடியிருக்கும் ஆண்டுகள், வீட்டுவரி, மின்கட்டண ரசீது உண்டா என்பது. இந்த வேலையைப் பெண்களிடம் கொடுங்கள். எந்த வீட்டில் எத்தனை குடும்பம் என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கட்டாயம் கூடும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் குறைவெண் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறையும். தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணும் குடும்ப எண்ணிக்கையும் ஏறியிருக்கிறதா என்று படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடவே கூடாது.

தீர்மான நகலோடு, மக்கள் குறைதீர் நாளான திங்கட்கிழமை கலெக்டரிடம் குடும்பத்துக்கொரு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: ‘என் மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது?’