‘எழுத்து இருக்கு சார், படம்தான் இல்ல’: மீடியம் ஃபார்மட் போர்ட்ரெய்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலிகிராமத்தில் இருக்கும் என் சின்ன ஸ்டுடியோவை வாரத்தில் இரண்டு நாள் வாடகைக்கு விடுகிறேன். கொஞ்ச வருடமாக அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா, அதாவது சாதாரண 35 மிமீ-யைவிடப் பெரிய ஃபிலிம் போடுவது. தாத்தாவின் பீரோவிலிருந்து மீட்ட யாஷிகா மேட், ஜப்பானிலிருந்து வரவழைத்த மமியா ஆர்பி67, எப்போதாவது ஒரு ஹாசல்பிளாட். நான் மூலையில் டீயோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அந்தக் காலத்தில் நான் அடித்த அதே கூத்துகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் அடிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, ஐஎஸ்ஓ-வைத் தப்பாக வைப்பது, ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவாமல் ‘ஷட்டர் ஜாம்’ என்று பதறுவது, இதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானே போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரிட்ஜிலிருந்து நேரே கேமராவுக்கு

சென்னைக் காற்றில் குளிர்ந்த ஃபிலிம் வேர்க்கும். உறையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள்.

‘டிஜிட்டல்ல டெஸ்ட் பண்ணிட்டேன் சார்’

இந்தப் பதிவே இதற்காகத்தான். மற்றதெல்லாம் துணைக்கு.

போன மாதம் ஒரு பையன் ஆர்பி67-ஓடு வந்தான். லைட் போடுவதில் கெட்டிக்காரன். ஒரு பக்கம் பெரிய சாஃப்ட்பாக்ஸ், மறுபக்கம் தெர்மோகோல் ஷீட், பின்னால் கறுப்புத் துணி. டிஜிட்டல் கேமராவில் ஃபிளாஷை அடிக்க வைக்கும் டிரிக்கரை மாட்டி நாலு படம் எடுத்துப் பார்த்தான். பிரமாதமாக வந்தது. அதே ஐஎஸ்ஓ, அதே எஃப் 11, அதே 1/125. அப்புறம் டிரிக்கரின் வயரை மமியா லென்ஸில் செருகி, பத்து படத்தையும் நிதானமாக எடுத்து முடித்தான். ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. இரண்டாவது ரோல் மாட்டும்போதுதான் எனக்கு லென்ஸ் பக்கம் கண் போனது. வயர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி நெம்புகோல் ‘எம்’ மேல் நின்றுகொண்டிருந்தது.

“தம்பி, முதல் ரோல்ல ஒண்ணுமே இருக்காதுப்பா.”

அவன் நம்பவில்லை. “ஃபிளாஷ் அடிச்சுதே சார்!”

அடித்தது. ஷட்டர் திறப்பதற்கு முன்னால் அடித்தது.

பழைய லென்ஸ்களில் ஏன் ‘எம்’, ‘எக்ஸ்’ என்று இரண்டு எழுத்து என்றால், அந்தக் காலத்துக் கல்யாணப் போட்டோக்காரர்கள் தட்டு மாதிரி பெரிய ரிஃப்ளெக்டரில் ஒரு பல்பை மாட்டி, ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்று எரிப்பார்கள். அந்தப் பல்பு பற்றிக்கொண்டு உச்சத்துக்கு வர ஏறக்குறைய 20 மில்லி விநாடி ஆகும். அதனால் ‘எம்’மில் வைத்தால் கேமரா முதலில் பல்பைக் கொளுத்திவிட்டு, சற்றுக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். இன்றைய ஸ்டுடியோ ஃபிளாஷ் அப்படியில்லை. சிக்னல் வந்த மாத்திரத்தில் அடித்து, பெரும்பாலும் 1/500 விநாடிக்குள் முடிந்துவிடும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கதவைத் திறந்த கதைதான். எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு ‘எக்ஸ்’. பழைய ஹாசல்பிளாட் சி லென்ஸ்களில் ‘வி’ என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். அது செல்ஃப் டைமர்.

இதில் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது, இந்தத் தப்பு எந்த அறிகுறியும் காட்டாது என்பதுதான். ஃபிளாஷ் அடிக்கும். ஷட்டர் சத்தம் சரியாகக் கேட்கும். மீட்டர் சரியான எண் சொல்லும். எதிரே உட்கார்ந்தவர் கண்ணைச் சிமிட்டுவார். ஃபிலிம் கழுவி வரும் வரை எல்லாம் சுபம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ரிட்டையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் அறுபதாம் கல்யாணத்துக்காகப் படம் எடுக்க வந்தார்கள். “எங்க கல்யாண போட்டோ மாதிரியே ஃபிலிம்ல எடுங்க தம்பி” என்று கேட்டு வந்தவர்கள். வாத்தியாருக்கு அருமையான மீசை, நுனி லேசாக முறுக்கியது. அந்த அம்மா கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தார். இரண்டு ரோல் எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம், இருபது படம். நானும் அன்றைக்கு டிஜிட்டலில்தான் லைட்டை டெஸ்ட் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து லேபுக்குப் போனால் கண்ணாடி மாதிரி இரண்டு நீளத் துண்டு. நான் அங்கேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். கெமிக்கல் செத்துவிட்டது, ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள், என்னவெல்லாமோ சொன்னேன். கழுவியவர் பதில் பேசவில்லை. நெகட்டிவைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஓரத்தில் விரலை வைத்தார். ‘இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்’, படத்தின் எண்கள், எல்லாம் கன்னங்கரேல் என்று தெளிவாக இருந்தன.

“எழுத்து இருக்கு சார், படம்தான் இல்ல.”

அந்த ஓரத்து எழுத்து தயாரிக்கும்போதே வெளிச்சத்தால் பதிக்கப்படுவது. டெவலப்பர் செத்திருந்தால் அதுவும் வந்திருக்காது. உற்றுப் பார்த்தபோது ஒன்றிரண்டு படத்தில் வாத்தியாரின் வேட்டி மட்டும் புகை மாதிரி லேசாகத் தெரிந்தது. அது ஃபிளாஷிலேயே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் மாடலிங் லைட்டின் உபயம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

தம்பதியைத் திரும்பக் கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார்கள். திருக்கடையூரில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அப்படியே திருப்பதிக்கும் போய்விட்டு வந்திருந்தார்கள். வாத்தியார் மொட்டை. மீசையும் போயிருந்தது. “பரவால்ல தம்பி, எடுங்க” என்றார். அந்த அம்மாதான் சிரித்துக்கொண்டே, “ரெண்டு மாசம் போகட்டும், வளர்ந்ததும் வரோம்” என்றார். வந்தார்கள். ஃபிலிம் செலவு என்னுடையது. மீசை மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை.

நான் ஊட்டி தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிம் ரோலில் கற்றுக்கொண்டவன். அப்போது ஒரு ரோல் போனால் ஒரு வேளை சாப்பாடு கசக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டும்; கழுவ, ஸ்கேன் பண்ண தனி. அதுவும் 6x7 சென்டிமீட்டர் அளவில் பத்தே படம்.

முன்பு கேமராவின் பின்னால் மாட்டும் போலராய்ட் பேக் என்று ஒன்று இருந்தது. அதே கேமரா, அதே லென்ஸ், அதே வயர் வழியாக ஒரு படம் எடுத்து, கையோடு உரித்துப் பார்ப்போம். லைட்டும் தெரியும், ஷட்டரும், அதோடு ஃபிளாஷ் சேரும் சிங்க்கும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதும் தெரியும். போலராய்ட் 2008-இல் கைவிட்டது. அதே மாதிரி உரிக்கும் ஃபிலிமான ஃபுஜியின் எஃப்பி-100சி 2016-இல் நின்றது. அந்த இடத்தில்தான் இப்போது டிஜிட்டலை வைத்திருக்கிறோம். டிஜிட்டல் உங்கள் லைட்டைச் சோதிக்கும். உங்கள் மமியாவைப் பற்றி அதற்கு ஒரு எழவும் தெரியாது.

இப்போது நான் செய்வது இதுதான். ரோல் மாட்டுவதற்கு முன், கேமராவின் பின்னால் ஃபிலிம் போடும் பேக்கைக் கழற்றுவேன். லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து, ஃபிளாஷை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, சக்தியைக் குறைத்து, பின்னாலிருந்து லென்ஸ் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே கிளிக் செய்வேன். வட்டமாக, முழுசாக, பளீரென்று வெளிச்சம் கண்ணில் படவேண்டும். பட்டால் எக்ஸ். அறை பளிச்சிட்டும் வட்டம் மங்கலாகவே இருந்தால் எம். ஹாசல்பிளாட்டில் பட்டனை அமுக்கியபடியே பிடித்திருங்கள். பின்கதவுகள் அப்போதுதான் திறந்திருக்கும். லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். 1/125, 1/250 இரண்டிலும் பார்த்துவிடுங்கள். கிரீஸ் காய்ந்த ஷட்டர் இழுத்தால் அதுவும் இதிலேயே தெரியவரும். அரை நிமிட வேலை.

பார்த்தபின் நெம்புகோலின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். வயரைச் செருகும்போது விரல் பட்டு அது நகர்வதுதான் பாதி விபத்துக்குக் காரணம். வயர் ஆட்டம் கண்டால் ரிச்சி தெருவில் வேறு வாங்கிக்கொள்ளுங்கள், பேப்பரை மடித்துச் செருகி ஓட்டாதீர்கள்.

இன்னொன்றும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஃபிளாஷ்களில் சில, வயரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். மமியாவுக்கு அது கொசுக்கடி. டெஸ்டுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கேமராவைக் கொன்றுவிடும். ரேடியோ டிரிக்கர் வழியாகவே போங்கள்.

பெல்லோஸ் நீண்டதை மறப்பது

ஆர்பி67-இல் ஃபோகஸ் செய்ய பெல்லோஸை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் துருத்தியை, நீட்டுகிறோம். லென்ஸ் ஃபிலிமை விட்டு விலக விலக ஃபிலிமுக்கு வரும் வெளிச்சம் குறையும். கையில் பிடிக்கும் மீட்டருக்கு இது தெரியாது. 127 மிமீ லென்ஸில் பெல்லோஸ் 30 மிமீ நீண்டிருக்கிறது என்று வையுங்கள்; முகம் மட்டும் நிறைய வரும் தூரம் அது. 157-ஐ 127-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஒன்றரை; ஒன்றரை மடங்கு வெளிச்சம் வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; இது அரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே. முழு 46 மிமீ-யும் நீட்டினால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப். கணக்கு போட வேண்டியதே இல்லை, கேமராவின் பக்கவாட்டில் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். யாரும் பார்ப்பதில்லை.

முழு உருவம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், படம் நன்றாக வரும். திடீரென்று “குளோஸப் ஒண்ணு” என்று முன்னால் நகர்வார்கள், அது மட்டும் தண்ணீர் விட்ட பால் மாதிரி இருக்கும். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது. ஸ்லைடு இரண்டையும் பொறுக்காது.

குனிந்த தலை நிமிராமல் எடுப்பது

மேலிருந்து பார்க்கும் ஃபைண்டரில் ஒரு மயக்கம் உண்டு. கண்ணாடியில் மிதக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். எதிரே இருப்பவருக்கு உங்கள் உச்சந்தலைதான் தெரிகிறது. உச்சந்தலையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அதைவிட முக்கியம், ஆர்பி67-இலும் ஹாசல்பிளாட்டிலும் கிளிக் செய்தவுடன் ஃபைண்டர் இருண்டுவிடும். அடுத்த படத்துக்குத் தயார் செய்யும் வரை உள்ளே மேலே தூக்கிய கண்ணாடி இறங்காது. படம் பதிந்த அந்த நொடியை நீங்கள் பார்க்கவே இல்லை. ஃபோகஸ் செய்து, கேபிள் ரிலீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து ஆளைப் பார்த்துப் பேசுங்கள். ஃபிளாஷ் அடித்த கணத்தில் அவர் கண் மூடியிருந்ததா என்பது உங்கள் கண்ணிலேயே தங்கும். ஆனால் ரொம்ப நேரம் பேசினால் அவர் முன்னும் பின்னும் ஆடுவார். 180 மிமீ லென்ஸை எஃப் 4.5-இல் திறந்து வைத்து முகத்துக்குப் பக்கத்தில் போனால் ஃபோகஸ் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் தங்கும். இமை கூர்மையாகவும் காது புகையாகவும் வரும். எஃப் 8-ஐவிட அகலமாகத் திறக்காமல் இருந்தால் நிம்மதி. முதுகு சாய ஒரு நாற்காலி கொடுத்தால் இன்னும் நிம்மதி.

கேமராவை வயிற்றுக்கு நேரே வைப்பது

குனிந்து பார்க்க வசதி என்று டிரைபாடைத் தாழ்த்திவிடுகிறார்கள். கிடைப்பது தாடையும் மூக்குத் துவாரமும். லென்ஸை எதிரே இருப்பவர் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். உங்களுக்கு எட்டவில்லை என்றால் ஏறி நில்லுங்கள். சினிமாக்காரர்கள் இதற்கு ஆப்பிள் பாக்ஸ் வைத்திருப்பார்கள். என்னிடம் ஒரு பழைய முக்காலி இருக்கிறது.

கறுப்பு முகம் என்றால் ஒரு ஸ்டாப் கூட்டுவது

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. மீட்டரின் வெள்ளைக் குமிழை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, கேமரா பக்கம் திருப்பி அளந்தால் அது விழும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. தோலின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே ஒரு ஸ்டாப் ஏற்றினால் நம் ஊர் முகம் சாம்பல் பூசிக்கொண்டு வரும். கறுப்புத் தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய லைட்டைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்தால் கன்னத்து மேட்டில் ஒரு பளபளப்பு ஓடும். பவுடர் டப்பாவை மட்டும் ஒளித்து வையுங்கள், கிளம்புவதற்கு முன் எப்படியும் ஒரு அத்தை பூசிவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்.

போனில் லைட் மீட்டர் ஆப்

ஃபிளாஷுக்கு உதவாது.

முடிந்த ரோலைத் தொளதொளவென்று விடுவது

இறுக்கிச் சுற்றி, ரோலின் நுனியில் இருக்கும் காகிதப் பட்டியை நாக்கால் நனைத்து ஒட்டுங்கள். மொட்டைமாடி வெயிலில் நின்று அல்ல.

லேபில் போய்ச் சண்டை போடுவது

முதலில் ஓரத்து எழுத்தைப் பாருங்கள்.