பூனை ட்ரேயை விட்டு வெளியே போகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

எங்கள் முத்துவுக்கு மூன்று வயது. குட்டியாக வந்த இரண்டாம் நாளே மணல் ட்ரேயில் போகப் பழகிக்கொண்டவன். போன ஆடியில் ஒரு காலை, மடித்து வைத்திருந்த போர்வை மேல் ஈரம். மறுநாள் கால்மிதி. அதற்கடுத்த நாள் மறுபடி போர்வை. நாங்கள் ஊருக்குப் போய்வந்த கோபத்தில் செய்கிறான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது தப்பு. பூனை பழிவாங்க மூத்திரம் போவதில்லை. உடம்பிலோ, மணலிலோ, ட்ரே இருக்கும் இடத்திலோ அதற்கு ஏதோ சரியில்லை. அடிப்பதும், மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பதும் பயத்தைத்தான் கூட்டும்.

முதலில் உடம்பு

உங்களுடையது ஆண் பூனையா? அடிக்கடி ட்ரேக்குப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வருகிறதா? கத்துகிறதா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் மீதியை அப்புறம் படியுங்கள், இப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அதில் அடைப்பு விழுந்தால் சிறுநீர் தேங்கி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த அளவு அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர்ப்பை அழற்சி, வயதான பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மூட்டுவலி என்று எதுவும் இருக்கலாம். வலியோடு போன இடம் ட்ரே என்பதால், வலி தருவதே ட்ரேதான் என்று பூனை முடிவுகட்டிவிடும். வலி தீர்ந்த பிறகும் அந்தப் பயம் போகாது. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, நின்றபடியே சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத கடுவன் என்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்புறம் அந்த நாற்றம்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். ஈரத்தைத் துடைத்துவிட்டு பினாயில் ஊற்றினேன். நமக்கு வாசம் போய்விட்டது, முத்துவின் மூக்குக்குப் போகவில்லை. மறுபடி அதே இடத்துக்கு வந்தான். அதோடு ஆபத்தும் உண்டு: பல பினாயில்களில் இருக்கும் பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்ற பூனையின் கல்லீரலால் சரியாக முடியாது. தரையை மிதித்த பாதத்தை அது நக்கும்போது விஷம் உள்ளே போகும். அமோனியா கலந்த திரவமும் வேண்டாம், மூத்திர வாடை போலவே இருக்கும்.

மூத்திரக் கறையை உடைத்து நாற்றத்தைப் போக்கும் என்சைம் கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். மேலாகத் தெளித்தால் போதாது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனைய வேண்டும். பதினைந்து நிமிடமாவது ஊறவிட்டு ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். பஞ்சு மெத்தை என்றால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். எங்கே போயிருக்கிறது என்று தெரியாவிட்டால், விளக்கை அணைத்துவிட்டு புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

மணலும் ட்ரேயும்

முத்துவுக்குப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஆகவே அவன் ட்ரேக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து நின்றான். ஒரு காலை மணலில் வைத்தான், உதறினான். தோண்டவும் இல்லை, மூடவும் இல்லை, குதித்து ஓடிவிட்டான். மணல் பிடிக்காத பூனை இப்படித்தான் செய்யும். அந்த மாதம்தான் லாவெண்டர் வாசனை மணலுக்கு மாறியிருந்தோம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு ட்ரேயைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பழைய மணல், மற்றதில் புதியது. எது காலியாகக் கிடக்கிறது என்று சில நாள் பாருங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு வாசனையில்லாத, கட்டியாகத் திரளும் நைசான மணல்தான் பிடிக்கிறது. இரண்டு அங்குல ஆழம் போதும். ட்ரே, மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தில் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கடையில் விற்கும் ட்ரேக்கள் பலவும் சிறியவை. துணி போட்டுவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினால் அருமையாக அமையும்.

தினமும் அள்ளுங்கள். கர்ப்பிணிகள் அள்ள வேண்டாம், பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று வரலாம். ட்ரேயின் எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதல். ஒரே மூலையில் இரண்டை வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான்.

கடைசியாக இடம்

மணலை மாற்றியதும் முத்து பாதி சரியானான். மீதிக்குக் காரணம் வாஷிங் மெஷின். ட்ரே அதன் பக்கத்தில் இருந்தது, அவன் ட்ரேக்குள் இருக்கும்போது ஒரு நாள் மெஷின் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. சத்தமும், சாப்பாட்டுக் கிண்ணமும், தப்பி ஓட வழியில்லாத மூலையும் ட்ரேக்கு ஆகாது. வீடு மாறுவது, தீபாவளி வெடி, ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் தெருப் பூனை எல்லாமே பூனையைக் கலைத்துவிடும்.

பூனை போகும் இடத்திலேயே முதலில் ட்ரேயை வையுங்கள். ஒரு வாரம் ஒழுங்காகப் பயன்படுத்தியதும் தினமும் ஒரு சாண் நகர்த்துங்கள். எங்கேயாவது தவறினால் பழைய சாணுக்குத் திரும்புங்கள். எங்கள் ட்ரே கட்டிலடியில் தொடங்கி ஹால் மூலைக்கு வந்துசேர மூன்று வாரம் ஆனது. போர்வையை இன்னமும் பீரோவுக்குள்தான் வைக்கிறோம்.