லோடர் டிராக்டருக்கு வேலை லைட்: பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா?

புதிதாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை போட்ட ஒரு தம்பி, போன மாதம் தான் மாட்டிய லைட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முன்னால் லோடர், அதாவது பக்கெட்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கைகள், வைத்த டிராக்டர். கிரில்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு எல்இடி, வயரெல்லாம் அழகாகக் கட்டியிருந்தது. பக்கெட் தரையில் இருந்தது. "பக்கெட்டைத் தூக்கிட்டு ஒரு படம் அனுப்புங்க தம்பி" என்றேன். இன்னும் வரவில்லை.

லைட் மாட்டுவதில் நடக்கும் தவறுகளில் ஃபியூஸ் போடாதது, பிளஸ் மைனஸ் மாற்றியது எல்லாம் முதல் வாரத்திலேயே தானாகப் புரிந்துவிடும். அதை விடுகிறேன். மற்ற தவறுகள் கீழே.

பக்கெட் கீழே இருக்கும்போது லைட்டுக்கு இடம் குறிப்பது

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. வெயிலுக்குப் பயந்து இரவில்தான் எரு ஏற்றுவார்கள். லோடர் வைத்ததும் டிராக்டரின் ஹெட்லைட் இரண்டையும் லோடர் கைகள் மறைத்துவிட்டன. கூடுதல் லைட் கேட்டார்கள். லோடர் தூண்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி வைத்து நான்கு லைட் மாட்டினேன். பட்டறை வாசலில் எரியவிட்டால் தெருக்கோடி வரை பகல். பணத்தை வாங்கிப் பையில் போட்டாயிற்று.

மூன்றாம் நாள் ஓட்டுநர் போன் செய்தார். "பக்கெட்டு மட்டுந்தாங்ணா தெரியுது, டிரெய்லரே தெரியலீங்."

எருவை அள்ளி டிரெய்லர் உயரத்துக்குத் தூக்கும்போது பக்கெட்டின் அடிப்பாகம் நேராக லைட்டுக்கு எதிரே வந்து நிற்கிறது. தரையில் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாகிப்போன இரும்பு அது. வெளிச்சம் மொத்தமும் ஓட்டுநர் கண்ணிலேயே திரும்பி அடித்தது. கண் கூசினால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் இருட்டுதான். நான் என்ன செய்தேன்? வாட் போதவில்லை என்று இன்னும் பெரிய லைட் மாற்றினேன்! கூசல்தான் கூடியது. அடுத்த ராத்திரி பக்கெட் டிரெய்லர் கதவில் மோதி, கதவு வளைந்தது. நிமிர்த்திய கூலி என் கையிலிருந்து போனது. இன்றைக்கும் அதே குறுக்குக் கம்பியை யார் டிராக்டரில் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

இப்போது மேற்கூரையின் முன் மூலைகளில், முடிந்தவரை வெளியே தள்ளி, ஒவ்வொரு லைட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். பக்கெட் மேலே போனபின் கைகளுக்கு அடியில் பாய, தூண்களின் வெளிப்பக்கம் தாழ்வாக இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். பரந்து விழும் ஒளிதான் வேண்டும். தூரத்துக்குக் கூராகப் பாய்கிற ஒளி எருத் தூசியில் வெள்ளைச் சுவராக நிற்கும். பானட் பளபளத்தால் மேலே மேட் கறுப்பு அடித்துவிடுங்கள்.

துளை போடும் முன் லைட்டைக் காந்தத்தில் ஒட்டவைத்து, இருட்டியபின் ஓட்டுநரையே சீட்டில் உட்காரவைக்கிறேன். பக்கெட் தரையில், பானட் மட்டத்தில், முழு உயரத்தில் என்று மூன்று நிலையிலும் அவர் பார்த்துச் சரி என்றால்தான் டிரில்லை எடுப்பேன்.

கணக்குப் போடாமல் வயர் இழுப்பது

48 வாட் லைட் நான்கு என்றால் 192 வாட். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். 1 சதுர மி.மீ. வயரில் போக வர 8 மீட்டர் ஓடினால் 2 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலையும். 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். லைட்டுக்கான மின்சாரத்தை டேஷ்போர்டு சுவிட்ச் தாங்க வேண்டாம், ரிலே போடுங்கள்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் முனை, அங்கிருந்து 87 வழியாக லைட். டேஷ்போர்டு சுவிட்ச், ரிலேயை இயக்கும் 85, 86 காயிலுக்கு மட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். 72 வாட் என்று போட்டிருந்த ஒன்றை கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன், 2 ஆம்பியர்கூட இழுக்கவில்லை.

லோடர் கையில் லைட் மாட்டுவது

வேண்டாம். மூட்டில் வயர் அறுந்துவிடும்.

ரோல் பாரில் துளை

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கம்பி அது. கூடவே கூடாது. கிளாம்ப் போடுங்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங்

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதில் கெட்டுப்போகலாம்; என்ன விலை என்று விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

எருவை மறப்பது

கோழி எருவிலிருந்து வரும் அமோனியா செம்பைத் தின்னும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் அங்கே பச்சை பூத்துவிடும். உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒட்டும் குழாய்), ரப்பர் சீல் உள்ள கனெக்டர் இரண்டும் போடுங்கள். லைட்டில் ஐபி67 என்றிருந்தால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், பிரஷர் கன் தாங்கும் என்றல்ல. அதற்கு ஐபி69கே பார்த்து வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் வண்டி கழுவும் பையனிடம் லைட்டைக் காட்டி, துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.