கூதிர்காலக் குறிப்பேடு: முதன்முறையாக எழுதுவோருக்கு

இலையுதிர்காலக் குறிப்பேடு என்றதும் செம்மஞ்சள் இலைகள் கொட்டிக்கிடக்கும் குளிர்நாடுகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய அதே மாதங்களான ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், அடைமழையின் காலம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பதால், அதற்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்கிவிடுங்கள். மழைக்கு முந்தைய நாள்களும் ஏட்டில் இருந்தால்தான், மழை எதை மாற்றியது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொல்லைப்புறம், மொட்டைமாடி, குளத்துப் படிக்கட்டு என எதுவானாலும் சரி, கொட்டும் மழையிலும் போய் நிற்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

அடுத்து, கோடு போடாத சிறு நோட்டும் பென்சிலும் போதும். ஜெல் பேனா வேண்டாம். என்னுடைய மூன்று வாரக் குறிப்புகள் ஒரே சாரலில் நீலக் கறையாகிப் போயின.

நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கைபேசியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, முதல் இரண்டு நிமிடம் எதுவும் எழுதாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பிறகு தேதி, நேரம், வானத்தின் நிறம், காற்று வரும் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். பறவை கண்ணில் படாவிட்டாலும், அதன் குரலை முதன்முதலில் கேட்ட நாளைத் தவறாமல் எழுதிவையுங்கள்.

மழையை அளக்க, அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குவளையைக் கூரைநீர் சொட்டாத வெட்டவெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கும் அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுந்த 1 லிட்டர் நீர்.

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் கடினமானது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்புறம் 'கண்டது' என்றும் வலப்புறம் 'கருதியது' என்றும் தலைப்பிடுங்கள். ஒருமுறை எங்கள் முருங்கையின் உச்சிக்கிளைகள் மொட்டையாகிவிட்டதைப் பார்த்து, 'இரவுக் காற்றில் இலை உதிர்ந்துவிட்டது' என்று எழுதினேன். அதே பக்கத்தில், 'மரத்தடியில் இலை ஒன்றுகூட இல்லை' என்றும் எழுதியிருந்தேன்! இரண்டு நாள் கழித்துக் குனிந்து பார்த்தபோதுதான், அடிமரத்துப் பட்டையோடு பட்டையாகக் கம்பளிப்பூச்சிகள் கையகல அளவுக்கு அப்பிக்கிடந்தது தெரிந்தது. பகலில் அப்படிக் கூட்டமாக ஒடுங்கிக்கிடந்துவிட்டு, இரவில் மேலேறி இலையைத் தின்பது அவற்றின் வழக்கம். இலையைக் காணாத என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. காற்றின் மேல் பழிபோட்டதுதான் தவறு. ஆகவே வலப்புறம் எழுதும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே ஒரு பொருளை, சுருண்ட மரவட்டையையோ ஈசல் உதிர்த்த சிறகையோ, வரைந்து பாருங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. வரைவதற்காகப் பார்க்கும்போதுதான் கால்களையும் நரம்புகளையும் எண்ணத் தோன்றும்.

மார்கழி பிறந்ததும் அதே இடத்தில் அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். விடை கிடைத்த கேள்விக்குறிகளை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றை அடுத்த ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.